திரியைத் தாழ்த்தும் வீடு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனது. அப்போது வீட்டில் இருந்தவர்கள் நானும் என் மனைவியும், பிறகு முதுகில் பையோடு வந்த மெக்கானிக்கும். இல்லாதவர்கள் கிரேஸ் அக்காவும் அத்தானும். அவர்கள் இல்லாமலாகி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டில் ஒரு சாமான் கெட்டால் அவர்கள் இல்லாதது புதிதாக உறைக்கும். அத்தான் இருந்திருந்தால் அந்த மெக்கானிக் அவ்வளவு லேசாகப் படியிறங்கியிருக்க முடியாது.

மெக்கானிக் பின்பக்கத்து மூடியைக்கூடக் கழற்றவில்லை. கதவைத் திறந்தான், மூடினான், பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டான். "போர்டு போச்சு சார். இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்ல. புதுசு எடுத்திருங்க, எக்ஸ்சேஞ்சுல கழிச்சுக்கலாம்." பார்க்க வந்த கூலியை வாங்கிக்கொண்டு போயே விட்டான்.

மனைவி உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பினாள். தயிர், மாவு, பாதி வெட்டிய பூசணி, கடைசியாக என் இன்சுலின். சர்க்கரை எங்கள் குடும்பத்துச் சொத்து. நிலம் நீச்சு இல்லாதவர்களுக்கு இதாவது இருக்கட்டுமே.

"இத எங்க வைக்க?" என்றாள்.

"மண்பானை இருக்கா?"

கேலி செய்கிறேன் என்று நினைத்து முறைத்தாள். நான் கேலி செய்யவில்லை. திறந்து கிடந்த அந்தப் பெட்டியின் முன்னால் நின்றபோது எனக்கு மண்ணெண்ணெய் வாசம் வந்துகொண்டிருந்தது. மற்றவர்களுக்குக் குளிர் என்றால் பனி, ஊட்டி, ஐஸ்கிரீம். எனக்குக் குளிர் என்றால் மண்ணெண்ணெய். விளக்கிச் சொல்லாவிட்டால் உங்களுக்கும் இது கிறுக்குத்தனமாகத்தான் படும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் திருவனந்தபுரத்தில் அக்கா வீட்டில் தங்கி, சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் கருங்கல் பக்கம். எல்லையைத் தாண்டி இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம். ஆனால் ஊரில் எங்களைப் பற்றி "மலையாளத்துல இருக்காவ" என்பார்கள், கடல் கடந்து போனவர்களைச் சொல்வதுபோல. அத்தான் தேவசகாயம் கட்டட மேஸ்திரி. மச்சினனை மலையாளத்தில் அளியன் என்பார்கள். அத்தான் அங்கே வந்து சேர்ந்த அன்றே அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டவர். என்னை "அளியா" என்றுதான் கூப்பிடுவார். சந்தோஷத்தில் ஒருமுறை, கோபத்தில் இரண்டுமுறை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமைக்குத் தினமும் வரி கட்டவேண்டியிருந்தது. சோப்பு உறை, லாட்டரிச் சீட்டின் பின்பக்கம், மருந்துக் காகிதம் என்று எது இங்கிலீஷில் இருந்தாலும் என் முன்னால் நீட்டுவார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. படித்தவன் தெரியாது என்று சொன்னால் கட்டிய ஃபீஸெல்லாம் வீண் என்று ஆகிவிடும் அல்லவா?

அக்காவுக்குச் சர்க்கரை என்று மெடிக்கல் காலேஜில் கண்டுபிடித்தபோது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. தினமும் ஊசி. கண்ணாடி ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்துத் தொடையில் அவளே போட்டுக்கொள்வாள். அந்த நேரத்தில் எங்களை வெளியே துரத்திவிடுவாள். மருந்து எல்லா மாதமும் கிடைக்காது. வரும்போது மூன்று நான்கு குப்பி சேர்த்து வாங்கி வைத்தால்தான் உண்டு. குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார்; குப்பியோடு வந்த காகிதத்திலும் அதையே நான் வாசித்துக் காட்டினேன். மருந்து கெட்டால் அக்கா கிடையாது. விஷயம் அவ்வளவுதான். அக்கா ஒரு மண்பானையில் ஈர மணல் நிரப்பி, குப்பிகளை அதற்குள் புதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். பங்குனி வெயிலில் அந்த மணல் மதியத்துக்குள் காய்ந்துவிடும். கடையில் கணக்கு எழுதும்போது எனக்கு அந்த மணல்தான் ஞாபகம் வரும். கூட்டல் தப்பிப்போகும்.

கரமனை ஆற்றுக்கு அப்பால் இருந்த அந்த வாடகை வீட்டில் கரண்ட் இல்லை. வீட்டுக்காரி வலியசாலையில் ஒரு மாமி. கரண்டுக்கு விண்ணப்பம் போட அவர் கையெழுத்து வேண்டும். நான் போய் நின்றேன்.

"கரண்டா? எனக்கென்னடா அம்பி, பேஷா வாங்கிக்கோ. ஆனா கரண்ட் வந்தா வாடகையை ஏத்தணும், கேட்டியோ? உன் அக்கா ஆத்துக்காரர் ஒத்துப்பாரா?"

"கேட்டுச் சொல்லுதேன் மாமி."

"கேட்டுண்டு வா. அப்பறம், ஷாக் அடிச்சு யாராவது போயிட்டா ஆரு சமாதானம் சொல்றது? அதையும் கேட்டுண்டு வா."

அத்தானிடம் இரண்டையும் கேட்டேன். தாடையைச் சொறிந்துகொண்டு பொன்முடிக்கு வேலைக்குப் போய்விட்டார். அங்கே ஒரு எஸ்டேட் பங்களாவில் மராமத்து. திரும்பி வந்தபோது அவரோடு தேயிலை லாரியில் அந்தப் பெட்டியும் வந்தது.

பங்களாவுக்குப் புதிதாகக் கரண்ட் வந்ததால் பழைய ஃபிரிட்ஜை வராந்தாவில் தள்ளியிருந்தார்களாம். மண்ணெண்ணெயில் ஓடும் ஃபிரிட்ஜ். நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆள் உயரம், உருண்ட தோள், பழுப்பேறிய வெள்ளை. அடியில் இழுப்பறைபோல ஒரு எண்ணெய்த் தொட்டி, அதில் வட்டமாக ஒரு திரி, திரியை ஏற்றி இறக்க ஒரு திருகு, தீயைக் குனிந்து பார்க்கச் சின்னதாக ஒரு கண்ணாடி, முதுகில் புகைபோக்கி. கீழே தீ எரிந்தால் மேலே குளிரும். எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கொண்டையூசி வளைவுகளில் அதைக் கட்டிப்பிடித்தபடியே அத்தான் இறங்கியிருக்கிறார். கல்லாற்றில் லாரி நின்றபோது டீக்கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கதவைத் திறந்து காட்டினாராம். எங்கள் வீட்டு முன்னாலும் கூட்டம் கூடிவிட்டது.

"என்ன விலை மேஸ்திரி?"

"சும்மா கிடச்சது. பங்களாவுல சும்மா எடுத்துட்டுப் போன்னுட்டாவ."

உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. "லாரிக்காரனுக்கு அம்பது ரூவா."

அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பெட்டியைப் பற்றி யார் கேட்டாலும் முற்றத்திலிருந்து அத்தான் "சும்மா கிடச்சது" என்பார். அடுக்களையிலிருந்து அக்கா அன்றைய தேதிக்கு ஆன மொத்தத்தைச் சொல்வாள். சர்ச்சில் ஐயர் என்று நாங்கள் சொல்லும் போதகர் ஒரு வசனம் வாசிக்க சபையார் அடுத்த வசனம் வாசிப்பதுபோல இருக்கும்.

பெட்டியை ஓலை அடுக்களை வாசலை ஒட்டி நிறுத்தி, அத்தான் ஜெபம் பண்ணித் தீ பற்றவைத்தார். ஒரு நாள் பொறுக்கவேண்டும் என்று பங்களா சமையல்காரர் சொல்லியிருந்தார். பொறுத்தோம். உள்ளே கையை விட்டால் வெளியில் இருந்த அதே சூடு.

"புது இடம்லா. பழகணும்" என்றார் அத்தான், சந்தையில் வாங்கிவந்த மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல. மறுநாள் தானே கையை விட்டுப் பார்த்து, "இப்பம் குளுருது பாரு அளியா" என்றார். அவ்வளவு தூரம் கட்டிப்பிடித்துக் கொண்டுவந்த மனிதரிடம் குளிரவில்லை என்று எப்படிச் சொல்வது? "லேசா இருக்கு அத்தான்" என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பானையிலிருந்த குப்பிகளை எடுத்து உள்ளே வைத்தாள்.

கொஞ்ச நாளிலேயே அக்காவுக்குத் தாகம் அடங்காமல் ஆனது. ஒரு காலையில் கிணற்றடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் வேறு மருந்து ஏற்றிவிட்டு, "பழைய குப்பி கெட்டுப்போயிருக்கும். எங்க வச்சிருந்தீங்க?" என்றார்.

"ஃபிரிட்ஜில சார்."

அந்த நேரத்திலும் அத்தானின் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. டாக்டர் எங்களையும் எங்கள் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த அக்கா மறுபடியும் பானையில் மணல் நிரப்பினாள். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பேசாமைதான் என்னையும் அத்தானையும் ஒரு இடத்தில் உட்காரவிடாமல் துரத்தியது.

முதலில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கழுத்துப்பட்டை கட்டிய ஆள் நாங்கள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "இது மியூசியத்தில் வைக்கேண்ட சாதனமாணு, கேட்டோ. புதியது எடுக்கூ." பம்பாயிலிருந்த கம்பெனிக்கு நான் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரத்தையாக எதையும் எழுதியதில்லை. பதிலாக வழுவழுவென்று ஒரு கலர்ப் படம் வந்தது. ஒரு பெண் புது எலெக்ட்ரிக் ஃபிரிட்ஜின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அக்கா அதைச் சுவரில் ஒட்டிவைத்தாள். எங்களைக் கேலி செய்யத்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு யாரோ தரை சரிவாக இருந்தால் குளிராது என்றார்கள். அத்தான் ரசமட்டம் கொண்டுவந்து வைத்துப் பார்த்து, ஒரு காலுக்குக் கீழே ஓட்டுத்துண்டு வைத்தார். அப்போதும் உள்ளே வெதுவெதுப்புதான். தீயும் அடிக்கடி அணையும்; திரியைத் திட்டிக்கொண்டே மறுபடி பற்றவைப்போம். அக்கா ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி உள்ளே மேலிருந்த ஐஸ் அறையில் வைத்திருந்தாள். தினமும் அதில் விரலை விட்டுப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள்.

இதற்கிடையில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ரேஷன் கடையில் டின்கள் வரிசையாக நிற்கும், ஆட்கள் நிழலில் நிற்போம். ரேஷனில் கிடைப்பது அந்தத் தொட்டிக்கு நாக்கு நனைக்கக் காணாது. மீதியை வெளியில் சொன்ன விலைக்கு வாங்கவேண்டும்.

எண்ணெய்ச் சிக்கனம் எங்களுக்குப் பிறவியிலேயே வந்தது. ஊரில் அம்மா விளக்கைக் கடந்து போகிற யாரையும் சும்மா போகவிட மாட்டாள். போகிற போக்கில் திரியை ஒரு பொட்டுத் தாழ்த்திவிட்டுப் போகவேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் விளக்காக இருந்தாலும் அதே சட்டம்தான். எழுத்துத் தெரியவில்லை என்றால் "புஸ்தகத்தைக் கிட்ட கொண்டு போ" என்பாள். அப்படித்தான் நான் பாஸ் செய்தேன். கண்ணாடியும் அப்படித்தான் வந்தது.

கடைசியில் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஸ்டவ் ரிப்பேர் செய்யும் பாயைக் கூட்டிவந்தேன். தென்காசிக்காரர். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "தம்பி, தீயை நான் பாத்துக்கிடுதேன். ஐசு உம்ம பாடு" என்றார். திரி கருகித் தேய்ந்திருக்கிறது என்று புதுத் திரி போட்டுப் பற்றவைத்தார். "புதுத் திரி. கொஞ்ச நேரம் நல்லா எரியட்டும்" என்று ஏற்றிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், தந்தி வந்தது. அத்தானின் அப்பா இறந்துவிட்டார். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். அக்கா பாதி தீர்ந்த குப்பி ஒன்றை மட்டும் ஈரத்துணியில் சுற்றித் தூக்குவாளிக்குள் வைத்துக்கொண்டாள். மீதி இரண்டு குப்பி பானை மணலிலேயே இருந்தது.

பஸ் நெய்யாற்றின்கரை தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, பெட்டியில திரியைத் தாழ்த்தினியா?"

"இல்லியே. எதுக்கு கேக்க?"

"நான் எப்பமும் தாழ்த்துவேன். இண்ணைக்கு இந்த அவசரத்துல மறந்துட்டேன்."

"எப்பமுமா?"

"பின்னே? எண்ணெய் என்ன கரமனை ஆத்துலயா ஓடுது? அடுக்களைக்குப் போறப்ப ஒரு திருகு, வாறப்ப ஒரு திருகு."

"அக்கா, நானும் தாழ்த்துவேன்."

"நீ எதுக்குலே?"

"தீ குறைஞ்சா சூடு குறையும்லா. சூடு குறைஞ்சா குளுரும்லா. சயன்ஸ்."

முன் சீட்டில் அப்பாவை நினைத்துத் தலையைத் தொங்கப்போட்டிருந்த அத்தான் திரும்பாமலே சொன்னார். "அளியா, நானும் தாழ்த்துவேன்."

"நீங்க எதுக்கு அத்தான்?"

"அடுக்களை ஓலை இல்லியா. பத்திருமோன்னு பயம். ஒங்க ரெண்டுபேருட்ட சொன்னா சிரிப்பிய."

ஒருத்திக்குச் சிக்கனம், ஒருவருக்குப் பயம், எனக்குப் படிப்பு. மாதக்கணக்கில் அந்தத் தீயை நாங்கள் மூன்று பக்கத்திலிருந்தும் அமுக்கியிருக்கிறோம். சாவு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் சிரிக்கக் கூடாது. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து, எங்கே போகிறோம் என்று ஏற்கெனவே விசாரித்திருந்த எதிர் சீட்டுக்காரி "பாவம், மாமனாருமேல அவ்வளவு பாசம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

சிரிப்பு களியக்காவிளைவரைதான் தாங்கியது. அப்புறம்தான் உறைத்தது: ஆளில்லாத வீட்டில், ஓலைக்குப் பக்கத்தில், ஏற்றிவிட்ட தீ எரிந்துகொண்டிருக்கிறது. அடக்கத்தின்போது ஐயர் ஜெபம் செய்துகொண்டிருக்கையில் அத்தான் என் முழங்கையைப் பிடித்தார். "அளியா, பத்தியிருக்குமோ?" கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். "இருக்காது அத்தான்." கொஞ்சம் கழித்து, "அளியா, அளியா." இரண்டுமுறை. அக்காவோ ஓலையைப் பற்றிப் பேசவில்லை. "மணல் காஞ்சிருக்கும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாங்கள் சொன்ன பதில் ஒன்றும் எனக்கு நினைவில்லை. எல்லோரையும் முந்திக்கொண்டு திருவனந்தபுரத்துக்குத் திரும்பியது மட்டும் நினைவிருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கி அத்தான் ஓடினார். மேஸ்திரி ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். ஓலை இருந்தது. வீடு இருந்தது. கதவைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது. நான் குனிந்து கண்ணாடியில் பார்த்தேன். நீலமாக, வட்டமாக, ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் கண்முன்னால் ஒருநாளும் அது அப்படி எரிந்ததில்லை.

அக்கா பெட்டியைத் திறந்தாள். டம்ளரை எடுத்தாள். கவிழ்த்தாள். தண்ணீர் விழவில்லை.

அத்தான் அதை வாங்கி விரலால் தட்டினார். கல்லைத் தட்டியதுபோல் சத்தம் கேட்டது. மறுபடியும் தட்டினார். அப்பா செத்ததற்கு ஊரில் அழாத மனிதர், அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து அழுதார். அக்கா அவரைத் தாண்டிப்போய்ப் பானையில் கையை விட்டாள். மணல் காய்ந்து சுண்ணாம்புப் பொடிபோல் இருந்தது. இரண்டு குப்பியையும் எடுத்துத் துடைத்து, உறையாத கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அதிர்ஷ்டம், அவை கெடவில்லை.

அந்தப் பெட்டிக்கு வேண்டியிருந்த ரிப்பேர் நாங்கள் மூன்று பேரும் வீட்டில் இல்லாமலிருப்பதுதான். ஆனால் எந்நேரமும் இல்லாமலிருக்க முடியுமா? அத்தான் திருகின்மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். இருந்தாலும் கை கேட்க வேண்டாமா? அதனால் அந்தப் பெட்டியைத் தாண்டும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளவேண்டும் என்று அக்கா சட்டம் போட்டாள். காலடிச் சத்தம் கேட்டாலே அடுக்களையிலிருந்து "கையைக் கட்டு!" என்று குரல் வரும். ஹெட்மாஸ்டர் அறையைக் கடக்கிற பிள்ளைகள்போல நானும் அத்தானும் போவோம், வருவோம். அக்கா மட்டும் இரண்டு கையிலும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பாள். அவளுக்கே அவளை நம்பிக்கை இல்லை. அதன்பிறகு ஒரு குப்பி கெட்டதில்லை. அக்கா அந்த வீட்டிலேயே தலை நரைக்கும்வரை இருந்தாள்.

வலியசாலை மாமியின் மகன் பிற்பாடு கரண்டுக்குக் கையெழுத்துப் போட்டார், வாடகையை ஏற்றினார். பெட்டியைப் பழைய இரும்புக்காரன் தள்ளுவண்டியில் ஏற்றிப்போனான். அவனிடமும் அத்தான் "சும்மா கிடச்சது" என்றார்; அக்கா அவனிடமும் கணக்குச் சொன்னாள். பாயின் கடை இருந்த சந்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். வட்டத் திரி கேட்டால் எதற்கு என்றுகூடத் தெரியாது. ரேஷன் மண்ணெண்ணெய் போயிற்று, தந்தி போயிற்று. ஓலை அடுக்களை நின்ற இடத்தில் கார் நிற்கிறது. அத்தான் முதலில் போனார். அவர் போனபிறகு அந்தக் கணக்கை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. சும்மா கிடைத்தது என்று சொல்ல ஆள் இல்லையே. பிறகு அவளும் போனாள்.

செவ்வாய்க்கிழமை இன்சுலினைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. தாண்டும்போது என் கை தானாகப் போய் கேஸைக் குறைத்தது. "எத்தனை வருஷமாச் சொல்றேன், அடுப்புல கைய வைக்காதீங்கன்னு" என்று மனைவி சத்தம் போட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்புறம்தான் கூடத்தில் உட்கார்ந்து இந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் பெட்டி என்ன விலை?" என்றாள்.

"சும்மா கிடைச்சது."

சொல்லிவிட்டு என்னையறியாமல் அடுக்களைப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு லாரிக்கூலி, எண்ணெய், திரி, பாய்க்குக் கொடுத்தது, கெட்டுப்போன மருந்து எல்லாம் சேர்த்து அக்கா சொல்லும் கடைசி மொத்தத்தை, அவள் சொல்வதுபோலவே நான் சொன்னேன்.

"மூவாயிரத்தி முன்னூத்தி நாப்பத்தேழு ரூவா."